நகத்தளவு படத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, தேக்கா உணவங்காடியில் ஒரு திருட்டு நடந்தது. பட்டப்பகலில். திருடியவர், நான் சாப்பிட அழைத்துப் போன விருந்தாளி.

பெயர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர். எங்கள் டிசைன் கம்பெனியில் சேர்ந்து பன்னிரண்டே நாள். தினமும் மதியம் ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "வாங்க, நல்ல பிரியாணி வாங்கித் தரேன்" என்று இழுத்துப் போனேன்.

சனிக்கிழமை மதியம் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பிரியாணி வரிசை மூன்று கடை தாண்டி நீண்டிருந்தது. "நான் வரிசையில நிக்கிறேன், நீங்க போய் இடம் பாருங்க" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் சிரிப்பு. அந்த நேரத்தில் அங்கே இடம் கிடைக்க வேண்டுமென்றால்... போன ஜென்மத்தில் ஏதாவது புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

இருபது நிமிடம் கழித்து இரண்டு தட்டோடு வந்தேன். செந்தில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே. நான்கு பேர் மேசையில் தன்னந்தனியாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"எப்படிங்க கிடைச்சது?"

"சும்மாத்தானுங்க கெடந்துச்சு" என்றார், கழுத்தைத் துடைத்தபடி. "டிஷ்யூ வேற ஃப்ரீயா வச்சிருக்காங்க. அங்க பாருங்க, அந்த டேபிள்லயும் ஒரு பாக்கெட்டு. நல்ல ஊருங்க இது!"

தட்டுகளை மேசையில் வைக்காமல், யாராவது வருகிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த மேசை காலி இல்லை. யாரோ இடம் பிடித்து, பாக்கெட்டை வைத்துவிட்டு, சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். 'ச்சோப்' பண்ணுவது என்போம். எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்தப் பலகையிலும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் அந்தச் சின்னப் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு உட்கார இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கை வராது. வீட்டுப் பத்திரத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அந்தப் பத்திரத்தில்தான் செந்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உரிமையாளர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆன்ட்டி. கையில் மீன்தலைக் கறி. பின்னால் தோசைத் தட்டோடு மகள்.

"தம்பி, அது என் டிஷ்யூ லா."

செந்தில் பதறி எழுந்தார். "ஐயோ, மன்னிச்சுக்குங்க அக்கா. மூணுதானுங்க எடுத்தேன். மிச்சம் அப்படியே இருக்குது." பாக்கெட்டை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார்.

"டிஷ்யூ போனா போகுது. இடத்த குடுங்க."

"எடத்துல யாரும் இல்லீங்களே அக்கா?"

"அதான் டிஷ்யூ இருந்துச்சுல்ல?"

"ஆமாங்க, டிஷ்யூ இருந்துச்சு. ஆளு இல்லீங்களே?"

"ஆளுக்குப் பதிலாத்தான் தம்பி டிஷ்யூ!"

செந்தில் டிஷ்யூவைப் பார்த்தார். ஆன்ட்டியைப் பார்த்தார். மறுபடி டிஷ்யூவைப் பார்த்தார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "யாரு இவரு, புதுசா?"

"பன்னெண்டு நாள் ஆன்ட்டி."

"அப்படிச் சொல்லு! சரி சரி, நாலு பேர் டேபிள்தான... நகருங்க, எல்லாரும் உக்காருவோம்."

உட்கார்ந்தோம். செந்தில் காது மடல் சிவக்கச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. என் நண்பன் ஷாகுலின் விளையாட்டு ஏன் செத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. கொன்றது நான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். கூடவே வாருங்கள்.

ஷாகுலும் நானும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுக்கு ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. வீடு பாசிர் ரிஸ். மனைவி ரஹிமா, உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கடற்கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்க, இவன் ஒன்றரை வருடமாக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தான். புரோகிராம் முழுக்க அவன். படம் முழுக்க நான்.

நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். யுகுலேலே... மூன்று வாரம். மண்பாண்டம்... இரண்டு வகுப்பு. கொரிய மொழி... 'வணக்கம்' வரை. நான் பாதியில் விடாத ஒரே காரியம் இந்த கேம்தான்.

கேம் இதுதான். மதிய நேரம். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும் ஒரு குண்டு மனிதர், கையில் கொதிக்கும் சூப்போடு, பிதுங்கி வழியும் உணவங்காடியில் இடம் தேடுகிறார். சூப் சிந்தித் தீர்வதற்குள் உட்கார வேண்டும். தூரத்திலிருந்தே டிஷ்யூ பாக்கெட்டை வீசி மேசை பிடிக்கலாம். ஆனால் மைனா வந்து பாக்கெட்டைக் கொத்திக்கொண்டு போகும். தட்டு எடுக்கும் வண்டி குறுக்கே வரும். ஆன்ட்டிகள் எங்கிருந்தோ ஏவுகணை மாதிரி வருவார்கள். விளையாட ஆரம்பித்தால் எம்ஆர்டி ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விடும். பொங்கோலில் இறங்க வேண்டிய நான் அடுத்த ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். நானே வரைந்த கேமுக்கு!

எனக்கு இது பொழுதுபோக்கு. ஷாகுலுக்கு அப்படி இல்லை.

வங்கி அவனை மூன்று வருடத்துக்கு வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பப் பார்க்கிறது. நல்ல பதவிதான். போகிறாயா, இல்லையா? தேக்கா திருட்டுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். போனால் ரஹிமாவும் வேலையை விட வேண்டும். கேமையும் மூட்டை கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், சின்ன கேம்களை எடுத்து உலகம் முழுக்கப் பரப்பும் ஒரு வெளிநாட்டு கம்பெனி. அவர்களுக்கு கேம் பிடித்துவிட்டது. "ஆனால் முதலில் ஒரு சோதனை" என்றார்கள். மூன்று நாடுகளில், ஃபோனில் இருக்கும் கேம் கடையில் இதை வைப்பார்கள். கடை வரிசையில் தெரிவது ஒரே ஒரு குட்டிப் படம். தம்ப்நெயில். கட்டைவிரல் நகத்தளவு. அதைப் பார்த்து எத்தனை பேர் தொடுகிறார்கள்? போதுமான பேர் தொட்டால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஷாகுல் வங்கியை விட்டுவிட்டு முழுநேரமும் கேம் செய்வான். தொடாவிட்டால், விமான டிக்கெட்.

ஆக, ஒரு குடும்பம் எந்த நாட்டில் குடியிருக்கும் என்பதே ஒரு நகத்தளவு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. படம் யார் பொறுப்பு? அடியேன்.

அந்தக் கடை வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் சர்ரென்று தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு படமும் 'என்னைப் பார்' என்று கத்தும். பாதிப் படங்களில் யாராவது வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருப்பார்கள். ராஜா அலறுவார். கோழி அலறும். கத்திரிக்காய்கூட அலறும். எனக்கு அதையெல்லாம் பார்த்தாலே இளக்காரம். நான் அப்படி வரைவேனா? நான் ஆர்ட்டிஸ்ட் ஆயிற்றே!

என்ன வரைந்தேன்? ஒரு பச்சை மேசை. அதன் நடுவில் தனியாக, கம்பீரமாக, ஒரு டிஷ்யூ பாக்கெட். அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையின் சுருக்கங்கள், அதில் விழும் மதிய வெளிச்சம்... ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன்.

சும்மா அனுப்பிவிடவில்லை. சோதித்தும் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீசில் காட்டினேன், சிரித்தார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் வந்த சீனப் பெரியவர் படத்தை எட்டிப் பார்த்து, "யாரோ இடம் பிடிச்சாச்சு!" என்று சிரித்தார். ஷாகுல் சிரித்த சிரிப்பில் கோப்பி சட்டையில் கொட்டியது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "சூப்பர் லா!"

அந்த மூன்று நாட்டில் ஒரு ஈ, காக்கா தொடவில்லை.

தேக்கா திருட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. படம் எடுபடவில்லை, வேண்டுமானால் வேறு ஒரு படம் அனுப்பலாம், திங்கட்கிழமை நண்பகலுக்குள், வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்லிவிடுவோம். அதற்கு மேல் வாய்ப்பு இல்லை.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே படத்தைச் 'சரிசெய்தேன்'. பாக்கெட்டைப் பெரிதாக்கினேன். பளபளப்பைக் கூட்டினேன். கண் வைத்தேன். ஆமாம், டிஷ்யூ பாக்கெட்டுக்குக் கண்! அப்புறம் கண்ணை எடுத்துவிட்டு, பின்னால் ஒளிவட்டம் போட்டேன். கற்பூரம் காட்டலாம் போல இருந்தது.

இந்த நிலையில்தான் தேக்காவில், ஆறிக்கொண்டிருந்த பிரியாணிக்கு முன்னால், ஃபோனைச் செந்திலிடம் நீட்டினேன். "இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டிஷ்யூ... சளி மாத்திரை விளம்பரமுங்களா?"

"இல்ல, கேம்."

"சளி புடிச்சவங்க வெளையாடறதுங்களா?"

கிண்டல் இல்லை. மனுஷர் உண்மையாகவே கேட்டார். ஆன்ட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஐயோ, ச்சோப் பண்ணிட்டாங்க! இப்ப எங்க போய் உக்காருறது?"

ஒரே படம். ஆன்ட்டிக்கு அதில் மதிய நேரம், கூட்டம், பசி, ஏமாற்றம் எல்லாம் தெரிந்தது. செந்திலுக்குச் சளி தெரிந்தது.

நான் வரைந்தது ஒரு பாக்கெட்டை மட்டும்தான். மிச்சக் கதையை அம்மாவும் லிஃப்ட் பெரியவரும் அவரவர் தலைக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்த மூன்று நாட்டுக்காரர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

ஞாயிறு காலை ஓட்டமாக பாசிர் ரிஸ் போனேன். ரஹிமா கதவைத் திறப்பதற்குள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ஷாகுல், டிஷ்யூவ எடுத்துடலாம்."

"எங்கேர்ந்து?"

"தம்ப்நெயில்லேர்ந்து."

"பைத்தியமா உனக்கு? அதுதான் லா கேமே! அத எடுத்துட்டா என்ன இருக்கு? ஒரு ஆளு நாற்காலி தேடுறாரு. அத எந்த ஊர்க்காரன் வேணா பண்ணுவான். டிஷ்யூவ நாமதான் பண்ண முடியும்."

தேக்கா கதையைச் சொன்னேன். ரஹிமா சிரித்துச் சிரித்து, சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். ஷாகுல் சிரிக்கவில்லை.

"அவரு புதுசா வந்தவரு. தெரியல. அதுக்காக?"

"அந்த மூணு நாட்டுக்காரங்க நம்ம ஊருக்கு இன்னும் வரவே இல்ல ஷாகுல்."

ரஹிமா குறுக்கே புகுந்தாள். "நான் ஒண்ணு சொல்லவா? நீங்க ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா ரூமுக்குள்ள உக்காந்து உங்களுக்குள்ளயே ஜோக் சொல்லிச் சிரிக்கிறீங்க. வெளிய நிக்கிறவங்களுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

"நீயும்தான சிரிச்ச?"

"நான் உங்க பொண்டாட்டி லா. சிரிக்காம என்ன செய்ய?"

ஷாகுல் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்புகளை அடுக்க ஆரம்பித்தான். கோபம் வந்தால் அவன் அப்படித்தான். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் எப்போதும் ராணுவ ஒழுங்கில் இருப்பதற்குக் காரணம் ரஹிமா என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு புதுப் படங்களைக் கிறுக்கினேன். ஒன்றில் கூட்டம் நிரம்பிய உணவங்காடி. ஒன்றில் ஆவி பறக்கும் சூப். ஒன்றில் மைனா. நான்காவதில் குண்டு மனிதர், ஒரே ஒரு காலி நாற்காலி, அதில் உட்காரப் போகும் இன்னொருவர்.

"யார்கிட்ட காட்டப் போற?" என்றாள் ரஹிமா.

"உன்கிட்டதான். எது நல்லா இருக்கு?"

"இதான் தப்பு!" அறிவியல் ஆசிரியை எழுந்து நின்றுவிட்டாள். "எங்கிட்ட கேக்கக் கூடாது. எனக்கு எல்லாம் தெரியும். அப்புறம், நல்லா இருக்கான்னும் கேக்கக் கூடாது. மூஞ்சிக்கு நேரா யாராவது நல்லா இல்லன்னு சொல்லுவாங்களா? ஒரு செகண்ட் காட்டு. மூடிடு. என்ன நடக்குதுன்னு கேளு. அவ்வளவுதான்."

யோசித்துப் பாருங்கள். நாம் வாழ்நாள் முழுக்க 'நல்லா இருக்கா?' என்றுதான் கேட்கிறோம். புதுச் சட்டைக்கு, புதுக் குழம்புக்கு, வேலைக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு. கேட்கும்போதே பதிலையும் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிறோம். எதிரில் இருப்பவர் அதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். நாமும் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். இந்தப் பத்தியைக்கூட அனுப்புவதற்கு முன் நான் அப்படித்தான் அம்மாவிடம்... சரி, அது வேறு கதை.

மாலை நான்கு மணிக்கு மூன்று பேரும் லிட்டில் இந்தியாவில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ரஹிமா ஆட்களைத் தேர்ந்தெடுத்தாள். கையில் வரைபடம், தோளில் கேமரா, வெயிலில் சிவந்த மூக்கு... ஊருக்கு வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்க வேண்டும். பேச்சு என் பொறுப்பு. ஷாகுல் பூக்கடை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, எங்களைத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

முதலில் டிஷ்யூ படம். ஒரு நொடி காட்டி மூடினோம்.

"தலையணை?" என்றார் ஒருவர்.

"வெண்ணெய்க் கட்டி" என்றார் அவர் மனைவி, உறுதியாக.

இன்னொரு இளைஞர் கொஞ்ச நேரம் யோசித்து, "ஹோட்டல் புக் பண்ற ஆப்பா?" என்றார். ஒரு பெண்மணி, "எனக்கு எதுவும் வாங்க வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஷாகுல் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

அடுத்து உணவங்காடிக் கூட்டம். 'சந்தை' என்றார்கள். நிஜச் சந்தையே பக்கத்தில் இருக்கும்போது படத்தை யார் பார்ப்பார்கள்? சூப் கிண்ணத்தைச் 'சமையல் கேம்' என்றார்கள். மைனாவைப் 'பறவை' என்றார்கள். தப்பில்லை. பறவைதான்.

நான்காவது படத்தைக் காட்டினேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தர், தலையில் பெரிய தொப்பி. ஒரு நொடி. மூடினேன்.

"ஐயோ, வேண்டாம்!" என்று வாயைப் பொத்தினார்.

"என்ன நடக்குது?"

"அவருக்கு உட்கார இடம் இல்லை! இன்னொருத்தர் உட்காரப் போறார்! திருப்பிக் காட்டுங்க, உட்கார்ந்துட்டாரா?" ஃபோனை என் கையிலிருந்து பிடுங்காத குறை.

அடுத்தவர் சிரித்தார். அதற்கடுத்தவர், "எங்க ஆபீஸ் கேன்டீன் மாதிரியே இருக்கே" என்றார். அவர் ஊர் எது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் ஒரு கேன்டீன் இருக்கிறது. அங்கேயும் ஒரு கடைசி நாற்காலி இருக்கிறது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு இன்னொன்று உறைத்தது. டிஷ்யூ மேசை மேல் இருக்கிறது என்றால், எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். இடம் போயிற்று. கதை முடிந்தது. நான் போய் முடிந்த கதையை ஒரு வாரம் பளபளவென்று வரைந்திருக்கிறேன்! விரலை நிறுத்துவது இன்னும் நடக்காத விஷயம்தான். பின்பக்கத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கும் அந்த நான்கு அங்குலம்.

ஷாகுல் பக்கத்தில் வந்து நின்றான்.

"எடுத்துடு" என்றான்.

"டிஷ்யூவயா?"

"ம். ஆனா ஒண்ணு. கேமத் திறந்த உடனே முதல்ல வர்றது அதுதான். ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் ஒரே நிமிஷத்துல புரியற மாதிரி நான் முதல் லெவல மாத்தறேன். கடைக்கு வெளிய வேணாம். உள்ள வந்தவங்களுக்கு நான் காட்டறேன்."

ஒன்றரை வருடமாக அவன் தலையில் இருந்த படம் அந்த பாக்கெட்தான். அதை எடுக்கச் சொல்ல அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஒரு வாரம் வரைந்ததற்கே எனக்கு வலித்தது.

பாசிர் ரிஸ் திரும்பி உட்கார்ந்தேன். கடை வரிசையில் மற்றப் படங்கள் எல்லாம் நீலமும் ஊதாவுமாக இருந்தன. அதனால் பின்னணி முழுக்க மஞ்சள். நாற்காலி சிவப்பு. அப்புறம் வெட்டு, வெட்டு, வெட்டு. கழுத்து அட்டை போயிற்று. மேசை போயிற்று. சூப்பில் மிதந்த மீன் உருண்டைகள் போயின... ஒவ்வொன்றுக்கும் நிழல் வரைந்திருந்தேன் என்பதை யாரிடம் சொல்லி அழுவது? ஒவ்வொரு முறையும் படத்தை நகத்தளவுக்குச் சுருக்கி, நான்கு அடி பின்னால் போய், கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். அப்படியும் எது தெரிகிறதோ அதற்கு மட்டும் அனுமதி. கடைசியில் மிஞ்சியவை மூன்று. ஒரு முகம். ஒரு நாற்காலி. மேலிருந்து இறங்கும் ஒரு பிரம்மாண்டமான பின்பக்கம்.

"இன்னும் பெருசாப் போடு" என்றாள் ரஹிமா.

"இதுக்கு மேல போட்டா படத்துல வேற எதுவும் இருக்காது."

"போடு லா."

போட்டேன். அவள் சொன்னதுதான் சரி.

முகம்? கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். வாயைப் பிளந்து அலறுகிறது. நானேதான் வரைந்தேன். அமைதியாக, மர்மமாக, உதட்டோரம் ஒரு சோகத்தோடு எல்லாம் முயன்று பார்த்தேன். நகத்தளவில் எல்லாம் கடுகு. வாயைத் திறந்தால்தான் மனிதன் தெரிகிறான். அந்தக் கத்திரிக்காயை வரைந்தவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திங்கள் காலை பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினோம்.

அப்புறம் காத்திருப்பு. செவ்வாய், புதன், வியாழன்... ஷாகுல் செவ்வாய் இரவே முதல் லெவலை மாற்றி, அதையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். மாற்றிய லெவலை எடுத்துப் போய்ச் செந்திலிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு, "அக்கா சொன்னது இதுதானுங்களா!" என்று துள்ளினார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஃபோனைத் திரும்ப வாங்க அரை மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணி. எங்கள் மூவர் வாட்ஸ்அப் குழுவில் ரஹிமா கேட்டாள்: "வந்துச்சா?"

"இல்ல."

மூன்றரை. "வந்துச்சா?"

"இல்ல லா."

நான்கு மணி. ரஹிமா எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆபீசில் நான் ஒரு எண்ணெய் பாட்டில் லேபிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. ஷாகுல் வீட்டை யாருக்காவது வாடகைக்கு விடுவார்களா, வாசல் செருப்புகளை யார் அடுக்குவார்கள் என்றெல்லாம் புத்தி போனது. மூன்று வருடம்! நகத்தளவு படத்தை முதல் தடவையே ஒழுங்காக வரைந்திருந்தால் இந்தப் பாடு உண்டா?

நாலே காலுக்கு ஃபோன் அடித்தது. ஷாகுல்.

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. படிக்கட்டில் நிற்கிறான் போல.

"என்ன ஆச்சு? சொல்லு!"

"சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"பாஸ்கிட்ட. வெளிநாட்டுக்குப் போகலன்னும் சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து இங்க வரலன்னும் சொல்லிட்டேன்."

"மெயில் வந்துச்சா, இல்ல நீயா...?"

"வந்துச்சு லா! பாத்துட்டுத்தான் சொன்னேன். நான் என்ன பைத்தியமா?"

அந்த மின்னஞ்சலை எனக்கும் அனுப்பினான். உணர்ச்சியே இல்லாத நான்கு வரி. புதுப் படத்தைத் தொட்டவர்கள் முன்பைவிடப் பல மடங்கு. உள்ளே வந்தவர்கள் நிறையப் பேர் முதல் லெவலைத் தாண்டியும் விளையாடியிருக்கிறார்கள். கேமை எடுத்துக்கொள்கிறோம். வாழ்த்துகள்.

ரஹிமா பள்ளியிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று சரியாகத் தெரியவில்லை. பின்னால் மாணவர்கள் சத்தம். நடுவில் ஒரு வார்த்தைதான் தெளிவாகக் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்."

நான் ஆபீஸ் கழிவறைக்குப் போய், கண்ணாடி முன் நின்று, வாயைப் பிளந்து ஒரு அலறு அலறினேன். சத்தமில்லாமல்தான்.

திரும்பி வந்து அந்த மின்னஞ்சலை இன்னொரு முறை ஆசையாகப் படித்தேன். வாழ்த்துகளுக்குக் கீழே ஒரு பின்குறிப்பு. அவசரத்தில் ஷாகுலும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எந்தப் படமும் சில வாரத்தில் மக்களுக்குப் பழகிப் புளித்துவிடுமாம். ஆகவே இதே கேமுக்கு, ஒன்று போல் ஒன்று இல்லாமல், இன்னும் பன்னிரண்டு தம்ப்நெயில் வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்குள்.

வேலையை விட்டது ஷாகுல். வேலை வந்து விடிந்தது என் தலையில்.